கணியன் எண்ணியது என்ன?

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் இருப்புப்பாதையில் இரணியல் என்றொரு நிலையம் உண்டு. நாஞ்சில் நாட்டின் மேற்கு எல்லையை ஒட்டி, கல்குளம் வட்டத்தில் அமைந்த ஊர். வேணாட்டு வேந்தர் அரண்மனை எடுத்து வாழ்ந்த இடம். இரணியசிங்கநல்லூர் என்பது அதன் பழம்பெயர். அரண்மனையின் பெரும்பகுதி இடிந்து மண்ணான பின்னும், வசந்த மண்டபத்தில் கருங்கல்லால் ஆன கட்டில் ஒன்று எஞ்சி நின்றது. அந்தக் கட்டிலிற் படுத்திருந்த மன்னர் ஒருவர் உடலோடு மறைந்து விண்ணுலகம் புகுந்தார் என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லும் கதை.

மன்னர் மறைந்தார், மன்னராட்சியும் மறைந்தது. 1956 நவம்பர் முதல் நாள் அந்த மண் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. ஆனால், மன்னர் காலத்து வழக்கொன்று மட்டும் மறைய மறுக்கிறது. மாடு காணாமற்போனாலும், மழலைக்குக் காய்ச்சல் கண்டாலும், மகளுக்கு மணம் தள்ளிப்போனாலும் அந்தப் பக்கத்தில் எழுந்த முதற் கேள்வி, "கணியாரைக் கண்டு பிரசன்னம் பார்த்தீர்களா?" என்பதே. நடந்ததையும் நடப்பதையும் நடக்கப்போவதையும் அறிந்து சொல்லும் ஆற்றல் ஒருவருக்கு உண்டு என்ற எண்ணம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிக் கிடக்கிறது.

ஆற்றல் உண்டா இல்லையா என்ற வழக்கைச் சற்றே ஒதுக்கி வைப்போம். அந்த ஆற்றலுக்கு நம் மக்கள் இட்ட பெயர்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். கணி, குறி, நிமித்தம், பிரசன்னம் என்ற நான்கு சொற்களையும் தோலுரித்துப் பார்ப்போம். உள்ளே தெய்வம் இருக்கிறதா, மனிதன் இருக்கிறானா என்பது விளங்கிவிடும்.

முதலாவது கணி. கணித்தல் என்றால் எண்ணுதல், அளவிடுதல். கணக்கு, கணக்கன், கணக்காயர் என்பன அதே குடும்பத்துச் சொற்கள். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய பெருந்தொகுதி, கணியன் என்பதை வடசொல்லின் திரிபு என்று எழுதிவைத்தது. தமிழ்ச் சொல்லை எடுத்து எவரேனும் சோதித்தார்களா? சோதித்தார்கள். தேவநேயப் பாவாணர், கணி தமிழ்வேரிலிருந்து கிளைத்த சொல்லே என்று வாதிட்டார். அறிஞர் வழக்கு அறிஞரிடம் இருக்கட்டும். நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தமிழ் என்பாரும் வடமொழி என்பாரும் ஒரே பொருளைத்தான் சொல்கிறார்கள். கணியன் என்றால் எண்ணுபவன். அருள் வந்தவன் என்று எந்தக் கட்சியும் சொல்லவில்லை!

மலைவாழ் மக்கள் வேங்கை மரத்துக்குக் கணி என்று பெயர் வைத்திருந்தனர். ஏன்? வேங்கை பூக்கும் பருவமும் தினை முற்றும் பருவமும் ஒன்று. மரம் பூத்தது, கதிர் கொய்யும் நாள் வந்தது, கிளி கடியும் பெண்கள் புனத்தைவிட்டு ஊர் திரும்பினர். நாட்காட்டி அச்சடிக்காத காலத்தில் மரமே நாட்காட்டி. அது வருவதை அறிவித்தது. ஆயினும் அதனிடம் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப நிகழ்வதைக் கண்டு நினைவில் வைத்த மனிதனின் அறிவே அந்தப் பெயரில் உள்ளது.

சிலப்பதிகாரத்தில் ஒரு காட்சி. சேரன் செங்குட்டுவன் வடதிசை சென்று வென்று, கங்கைக் கரையிற் பாடி வீட்டில் இருக்கிறான். மாலைப்பொழுது, வானத்தில் பிறை. மன்னன் அதனை நோக்குகிறான். குறிப்பறிந்து அரசவைக் கணி எழுகிறான். என்ன சொல்கிறான்? "நாளை உனக்குக் கண்டம்" என்றா? "கிழக்கே போனால் கெடுதி" என்றா? இல்லை. வஞ்சியை விட்டுப் புறப்பட்டு முப்பத்திரண்டு திங்கள் ஆயின என்று சொல்கிறான். அவ்வளவே! பேரரசனின் பெருங்கணி, பேரேட்டைப் புரட்டும் கணக்கனைப் போல மாதங்களை எண்ணிச் சொல்லி அமர்கிறான். நல்வேளை பார்த்துச் சொல்பவரும் அதே காப்பியத்தில் வருகிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கணியின் கைத்தொழில் எதுவென்று கங்கைக்கரைக் காட்சி ஐயமறக் காட்டுகிறது.

இன்னும் இரண்டு கணியர் புறநானூற்றில் இருக்கின்றனர். 192ஆம் பாட்டைப் பாடிய கணியன் பூங்குன்றனாரை உலகம் அறியும். எல்லா ஊரையும் தம் ஊராகவும் எல்லாரையும் உறவாகவும் கொண்டவர் அவர். நன்மையும் தீமையும் பிறர் கொடுத்து வருவன அல்ல என்று கண்டவர். ஆற்று வெள்ளத்தில் செல்லும் மிதவைக்கு உயிரை ஒப்பிட்டுவிட்டு, ஆகையால் பெரியோரை வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழவும் மாட்டோம் என்று முடித்தவர். 194ஆம் பாட்டைப் பாடியவர் பக்குடுக்கை நன்கணியார். ஒரே ஊரில் ஒரு வீடு அழ, மறு வீடு மணவிழாக் கொண்டாடும் இந்த உலகத்தைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று படைத்தவனையே குற்றக் கூண்டில் நிறுத்தியவர். கணியர் என்ற பெயரைத் தாங்கிய இருவர் வாக்கிலும் ஆரூடம் இல்லை, பரிகாரம் இல்லை, தட்சிணை இல்லை. உலகம் எப்படி இயங்குகிறது என்ற சிந்தனையும், அதிலிருந்து பிறந்த சமத்துவமும் இருக்கின்றன. இன்றைய சோதிட மடத்து வாசலில் இவ்விருவரும் வந்து நின்றால், உள்ளே விடுவார்களா?

கணியின் கணக்கு எவ்வளவு துல்லியமானது என்பதற்குப் பிற்காலச் சான்று ஒன்றும் உண்டு. 1825இல் ஜான் வாரன் என்பார் காலசங்கலிதம் என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் தாம் கண்ட பஞ்சாங்கக் கணக்கர் ஒருவரைப் பற்றி அதில் எழுதுகிறார். அந்தக் கணக்கர் தாளும் கோலும் எடுக்கவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். வாய்பாடுகளைச் சொற்களாக்கி மனப்பாடமாக வைத்திருந்தார். அவற்றைச் சொல்லிச் சொல்லிச் சோழிகளை நகர்த்தினார். 1825 மே 31ஆம் நாள் இரவில் நிகழவிருந்த நிலவு மறைப்பைக் கணித்தார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். பழைய வானியல் வரலாற்றை ஆராய்ந்த ஆட்டோ நியூகபவர் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இதனை எடுத்துக்காட்டி, பன்னூறு ஆண்டுகளாகத் தொடர்ந்து வந்த முறை இது என்று வியந்தார்.

இங்கே நின்று சிந்திக்க வேண்டும். பிரசன்னம் பார்ப்பவர் பலகையிற் பரப்புவதும் அதே சோழிதான். கையும் ஒன்று, கருவியும் ஒன்று. வேறுபாடு எங்கே? நிலவு மறைப்பு சொன்ன வேளையில் வந்ததா இல்லையா என்று தெருவில் நிற்கும் சிறுவனும் அண்ணாந்து பார்த்துச் சோதிக்கலாம். தவறினால் தவறு வெளிப்படும். நிமிடக் கணக்கிலேயே வெளிப்படும். "உன் பாட்டன் செய்த பாவம் உன்னைத் தொடர்கிறது" என்ற வாக்கை எங்கே போய்ச் சோதிப்பது? எவரைக் கேட்பது? சோதிக்க முடிந்தவரையில் சோழி கணிதக் கருவி. சோதிக்க முடியாத இடத்தில் வைத்தபோது அது பிழைப்புக் கருவி. கணியன் கெட்டது அந்த இடமாற்றத்தில்தான்.

இரண்டாவது சொல் குறி. குறி என்றால் அடையாளம், இலக்கு. மரத்தில் வெட்டிய வெட்டும் குறி. வில்லாளி எய்யும் இடமும் குறி. பார்த்து அறியும் தடயம் என்பதே அதன் முதற்பொருள். குறி சொல்லும் பெண்ணைப் பழந்தமிழ் கட்டுவிச்சி என்றும் அகவன்மகள் என்றும் அழைத்தது. அவள் முறத்தில் நெல்லைப் பரப்பி எண்ணினாள். வேலன் கழங்குக் காய்களை உருட்டி எண்ணினான். இங்கும் எண்ணிக்கை!

ஆனால் எண்ணி என்ன கண்டார்கள்? தலைவி காதலால் மெலிந்திருக்கிறாள். தாய் காரணம் அறியாமல் வேலனை அழைக்கிறாள். அவன் முருகு அணங்கியது என்கிறான், ஆட்டை அறுக்கிறான், வெறியாடுகிறான். உண்மைக் காரணம் தோழிக்குத் தெரியும். நற்றிணை 34ஆம் பாட்டில் அந்தத் தோழி முருகனையே நேரிற் பார்த்து, நீ கடவுளாகவே இருந்தாலும் அறிவில்லாதவன்தான் என்ற கருத்துப்பட இடித்துரைக்கிறாள். இவள் நோய் உன்னால் வந்ததன்று என்று தெரிந்தும் வெறியாட்டுக் களத்துக்கு வந்து நிற்கிறாயே என்பது அவள் வாதம். தோழர்களே, இந்தத் துணிவு நமக்கு மேலைநாட்டிலிருந்து இறக்குமதியானதன்று. குறி சொன்னவன் பிறந்த அன்றே குறியை மறுத்தவளும் தமிழ்க் குறிஞ்சியிற் பிறந்துவிட்டாள்.

மூன்றாவது நிமித்தம். இது வடசொல். வேலை நிமித்தம் சென்றான், படிப்பு நிமித்தம் தங்கினான் என்று இன்றும் எழுதுகிறோம். அங்கே நிமித்தம் என்பதன் பொருள் காரணம். அதே சொல் பல்லி சொல்வதற்கும், பூனை குறுக்கே ஓடுவதற்கும், கனவுக்கும் பெயராயிற்று. காரணத்தைக் குறித்த சொல், காரணமே இல்லாத தொடர்புக்குப் பெயராகிவிட்ட கொடுமையை என்னென்பது!

சேரன் அவையில் நிமித்திகன் ஒருவன் இளையவன் இளங்கோவைப் பார்த்து, அரசாளும் பொறி உனக்கே உண்டு என்றான். மூத்தவன் செங்குட்டுவன் முகம் வாடியது. இளங்கோ அந்த நிமித்திகனைச் சினந்து நோக்கினான். அப்போதே துறவு பூண்டான். முடி மூத்தவனுக்கே சென்றது. காப்பியம் சொல்லும் கதை இது. கதையாகவே கொண்டாலும் கருத்து யாது? சொன்ன எதிர்காலம் வரவில்லை. ஒரு மனிதன் மனம் வைத்தான், விதி தோற்றது.

இனி இரணியலுக்குப் பக்கத்துக் கதைக்கு வருவோம். தக்கலையை அடுத்த கேரளபுரத்தைச் சேர்ந்த படைத்தலைவன் இரவிக்குட்டிப் பிள்ளை. 1635ஆம் ஆண்டை ஒட்டி, திருமலை நாயக்கரின் படை தென்கோடிக்கு வந்தபோது, நாகர்கோவிலுக்கு அருகே கணியாகுளத்தில் பொருது மாண்டான். அவன் வீரத்தைப் பாடும் கதைப்பாடல் நாஞ்சில் நாட்டில் இன்றும் அறியப்படுவது. அதிலே தாய் தீக்கனாக் காண்கிறாள், மனைவியும் காண்கிறாள், போகவேண்டாம் என்று கெஞ்சுகிறார்கள், அவன் போகிறான், மடிகிறான். "பார்த்தீர்களா, கனவு பலித்தது" என்பார் உண்டு. அதே பாடலை முழுவதும் கேளுங்கள். உடனிருந்தோரின் பொறாமையும், களத்தில் அவனைத் தனியே விட்ட வஞ்சகமும் அதே பாடலில்தான் இருக்கின்றன. அவன் சாவுக்கு நிமித்தம் எது? கனவா, காட்டிக்கொடுத்த கூட்டமா? கனவை நிமித்தம் என்று சொன்னால் வஞ்சகர் தப்பித்துக்கொள்வர். நிமித்தத்துக்குக் காரணம் என்று பொருள் கொண்டால் குற்றவாளி அகப்படுவான். ஒரு சொல்லின் பொருள் திரிவதால் எவருக்கு ஆதாயம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

நான்காவது பிரசன்னம். வடமொழியில் பிரச்ன என்றால் கேள்வி. தமிழில் அதுவே பிரச்சினை ஆயிற்று. மலையாளத்தில் சிக்கலுக்கும் சோழி பார்ப்பதற்கும் இன்றும் அந்த ஒரே சொல்தான். இரு மொழியும் கலந்து புழங்கும் இரணியல் வட்டாரத்தில் அது பிரசன்னம் என ஒலித்து, தெய்வம் முன்வந்து தோன்றுவது என்ற வேறொரு வடசொல்லின் சாயலையும் ஏற்றிக்கொண்டது. கேள்வி என்ற சொல் கடவுளின் விடை என்ற பொருளுக்கு வந்து சேர்ந்த வழி இது.

கோயிலுக்குப் பார்ப்பதைத் தேவப்பிரசன்னம் என்பர். சிறு பிள்ளை ஒன்றின் கையிற் பொற்காசு கொடுத்து இராசிக் கட்டத்தில் வைக்கச் செய்து, வைத்த இடத்தைக்கொண்டு தெய்வத்தின் உள்ளக் கிடக்கையைச் சொல்வர். 2011 சூன் திங்களில், உச்சநீதிமன்றத்தின் ஆணைப்படி திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகள் திறக்கப்பட்டுப் பெரும்பொருள் வெளிப்பட்டது உலகறிந்த செய்தி. ஆகஸ்டில் தேவப்பிரசன்னம் நடந்தது. எஞ்சிய ஓர் அறையைத் திறந்தால் தெய்வக் குற்றம் என்று விடை வந்தது. 2020இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், அந்த அறையைப் பற்றிய முடிவை நிருவாகக் குழுவிடமே விட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்பது கேள்வி. திறக்காதே என்பது விடை. பிரசன்னம் கேள்வியைத் தீர்க்கவில்லை, கேட்பதைத் தடுத்தது!

எண்ணு, அடையாளத்தைப் பார், காரணத்தைத் தேடு, கேள்வி கேள். நான்கு சொற்களின் முதற்பொருள் இவை. இந்நான்கையும் ஒன்றாக வைத்தால் அதற்கு அறிவியல் என்று பெயர். வருவதை முன்னறிய மனித குலத்துக்கு இந்த நான்கு வழியன்றி ஐந்தாவது வழி என்றும் இருந்ததில்லை. மொழி அதனை அறிந்திருந்தது, பிழைப்போர் மறைத்தனர்.

மறைத்தவர் கொழித்தனர். கணியனோ? அவன் கதை கண்ணீர்க் கதை. திருவிதாங்கூரில் பிறப்பு முதல் மணம் வரை எல்லா வீட்டாருக்கும் நாள் குறித்துக் கொடுத்த கணியர் குலம், சாதி ஏணியில் தீண்டாக் குலமாக வைக்கப்பட்டது. அவன் கணித்த நாளில் கோயில் திருவிழா. அந்தக் கோயிலுக்குள் அவன் கால் வைக்கக் கூடாது. 1936 நவம்பர் 12இல் கோயில் நுழைவு ஆணை வரும்வரை இதுவே நிலை. தெய்வத்தின் மனத்தை அறிந்தவன் என்று சொன்னார்கள். தெய்வத்தின் முன் நிற்கத் தகாதவன் என்றும் அவர்களே சொன்னார்கள்!

நெல்லை, குமரிப் பக்கத்தில் அதே பெயர் தாங்கிய வேறொரு குலம், சுடலைமாடன் கொடையில் மகுடம் அடித்துப் பாடி ஆடுவது. கணியான் கூத்து என்பது அந்தக் கலை. அதன் சடங்குகளில் ஒன்று கைவெட்டு. கணியான் தன் கையைக் கீறித் தெய்வத்துக்குக் குருதி சிந்துவான். இரு குலமும் ஒன்றல்ல. ஆயினும் பூங்குன்றனார் தாங்கிய பெயர் ஓரிடத்தில் வாசலுக்கு வெளியே நின்றது. மற்றோரிடத்தில் தன் குருதியைத் தானே சிந்தியது. சொல் வீழ்ந்தபோது சொல்லுக்குரிய மனிதனும் வீழ்ந்தான்.

வீழ்ந்தோர் எழுந்த வரலாறும் இரணியல் மண்ணுக்கு உண்டு. அன்று இரணியல் தனி வட்டம். 1822 முதல் கல்குளம், இரணியல் வட்டங்களில் ஒடுக்கப்பட்ட பெண்கள் மார்பை மறைத்து ஆடை அணியும் உரிமைக்காக அடிபட்டனர்; ஆடை கிழிக்கப்பட்டனர். 1829 பிப்ரவரி 3இல் வந்த அரச ஆணை அந்த உரிமையை முழுமையாகத் தர மறுத்தது. 1859 சூலை 26இல் வந்த ஆணை பணிந்து கொடுத்தது. எந்தக் கோள் இடம் பெயர்ந்ததால் அது கிடைத்தது? எந்தச் சோழி அதனை முன்னுரைத்தது? முப்பத்தேழு ஆண்டு போராட்டம் அதனைப் பெற்றது. எதிர்காலத்தைப் பார்த்தவர் இல்லை, படைத்தவர் இருந்தனர்.

காய்ச்சலின் காரணம் தேடும் கதவும் இரணியலுக்கு அருகிலேயே திறந்தது. பக்கத்து நெய்யூரில் 1838இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற மருத்துவர் பணி தொடங்கினார். மதம் பரப்ப வந்த சங்கத்தின் மருத்துவமனைதான். ஆயினும் நாடி பார்த்தும் மருந்து கொடுத்தும் தீர்ந்த நோய், சோழியால் தீர்ந்ததாகச் சொல்ல முடியாது.

இரணியலிலிருந்து சில கல் தொலைவில் குளச்சல் கடற்கரை. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணி அளவில் சுமத்திராவுக்கு அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. அலை குமரிக் கரையை அடையச் சில மணி நேரம் பிடித்தது. அந்தச் சில மணி நேரத்தில் எத்தனை உயிரைக் காத்திருக்கலாம்! அந்த ஆண்டுப் பஞ்சாங்கம் எல்லா வீட்டிலும் தொங்கியது; ஆரூடக்காரர் எல்லா ஊரிலும் இருந்தனர். குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் பிணக்காடாயின. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எச்சரிக்கை அமைப்பு இல்லை. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் அது நிறுவப்பட்டது. கடலடியில் அழுத்தத்தை அளக்கும் கருவி எண்களை அனுப்புகிறது, எண்ணி அறிவிக்கிறார்கள். கணியனின் உண்மையான வழித்தோன்றல் அந்த அறையில் இருக்கிறான்.

அதுவும் போதுமா? 2017 நவம்பர் 30ஐ நினைத்துப் பாருங்கள். ஒக்கிப் புயல் குமரிக் கடலை உழுதது. வானிலைக் கருவிகள் இருந்தன, கணக்கு இருந்தது. ஆனால் பல நாள் தொழிலுக்கு ஆழ்கடல் சென்றிருந்த தூத்தூர்ப் பக்கத்து மீனவருக்கு எச்சரிக்கை உரிய நேரத்திற் சென்று சேரவில்லை. கரையில் நின்ற பெண்கள் எண்ணினார்கள்: போன படகு எத்தனை, வந்த படகு எத்தனை என்று. முன்னறிதல் மட்டும் போதாது. அறிந்ததை அறிய வேண்டியவனுக்கு அறிவிக்க வேண்டும். நம் காலம் படைத்த சொல் ஒன்று அதைச் சரியாகச் சொல்கிறது: முன்னறிவிப்பு. அதிலே ஞானக்கண் இல்லை. அறிவும் இருக்கிறது, அறிவிக்கும் கடமையும் இருக்கிறது. கடமை தவறினால் "விதி" என்று சொல்லித் தப்ப அந்தச் சொல் இடங்கொடாது. எவன் அறிந்திருந்தான், ஏன் சொல்லவில்லை என்று கேட்க நமக்கு உரிமை தருகிறது.

இளைஞர்களே! உங்கள் ஊரில் பிரசன்னம் பார்க்கப் புறப்படும் தாயைக் கண்டால் எள்ளி நகையாடாதீர்கள். அவள் துன்பம் உண்மை. அவள் கேள்வியும் உண்மை. அவள் சென்று நிற்கும் வாசல்தான் பொய். மகனுக்குக் காய்ச்சலானால் மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். கணவன் கடலில் இருந்தால் வானிலைச் செய்தியைக் கேட்டுச் சொல்லுங்கள். செய்தி வரவில்லையானால் ஆட்சியர் அலுவலக வாசலில் அவளோடு நின்று கேளுங்கள். அந்தத் துணையைத் தராமல் மூடநம்பிக்கையை மட்டும் பழித்தால், அவள் மறுபடியும் சோழிப் பலகைக்கே போவாள், குற்றம் நம்முடையதாகும்.

இரணியல் அரண்மனையின் கற்கட்டிலிலிருந்து எந்த மன்னனும் விண்ணுக்குப் போகவில்லை. எண்ணியவர், பார்த்தவர், காரணம் தேடியவர், கேள்வி கேட்டவர் இம்மண்ணில் இருந்தனர். கணி என்ற சொல் அவர்களுடையது. அதனை மீட்டெடுப்போம்.